நிலையான வருமானம் வேண்டாம் என்று எழுதி வைத்தவர்கள்

வங்கி உத்தியோகத்தில் இருப்பவனுக்கு 'நிலையான வருமானம்' என்ற சொல் மந்திரம் மாதிரி. கடன் விண்ணப்பத்தைக் கையில் வாங்கியதும் முதலில் கண் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். அப்படிப் பழகிப்போன எனக்கு, ஒரு கல்வி நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள் 'நமக்கு நிலையான வருமானம் என்று ஒன்று வந்துவிடக் கூடாது, வந்தால் கெட்டோம்' என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த நிறுவனம் 1866-லிருந்து இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

தேவ்பந்த் தாருல் உலூமைத்தான் சொல்கிறேன். மாற்றலாகி நான் வந்து சேர்ந்திருக்கும் சஹாரன்பூரிலிருந்து டில்லி போகும் வழியில் இருக்கிற சின்ன ஊர். நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'தேவ்பந்த்' என்ற பெயர் வந்தால் ஏதாவது ஃபத்வா சர்ச்சையோ ஆப்கானிஸ்தான் செய்தியோதான் கூடவே வரும். அவற்றைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே இந்தப் பதிவு தேவ்பந்தின் கணக்கைப் பற்றியது. அந்தக் கணக்கை வைத்திருந்த மனிதர்களைப் பற்றியது.

(பி.காம். படித்தது திருநெல்வேலி சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில். 17-ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் வாழ்ந்த பெரிய மார்க்க அறிஞர் பெயரில் அமைந்த கல்லூரி. மூன்று வருடம் அங்கே படித்தும் அவர் யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வகுப்பில் பாதிப்பேர் மேலப்பாளையத்துப் பையன்கள். அவர்களும் கேட்டதாக நினைவில்லை!)

கொஞ்சம் முன்கதை வேண்டும். முகலாயர் காலத்தில் மார்க்கக் கல்விக்குப் பணம் வந்த வழி, மானியம். அரசரோ நவாபோ வரியில்லாத நிலத்தை எழுதிக் கொடுப்பார். அதை வைத்து ஓர் அறிஞர் குடும்பம் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும். லக்னோவின் ஃபிரங்கி மஹல் இதற்கு நல்ல உதாரணம். அது ஓர் ஐரோப்பிய வியாபாரி இருந்த மாளிகை. சிஹாலி என்ற ஊரில் முல்லா குத்புத்தீன் 1692-ல் கொலை செய்யப்பட்டபின் அவருடைய பிள்ளைகளுக்கு அந்த மாளிகையை ஔரங்கசீப் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் 'தர்ஸே நிஜாமி'. சிற்சில மாற்றங்களுடன் இன்றும் இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்களின் முதுகெலும்பு அதுதான்.

கம்பெனி ஆட்சி வந்தபின் மானிய நிலங்களுக்குப் பத்திரம் எங்கே, முத்திரை எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பலவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் மீதி இருந்ததை 1857 தீர்த்துக் கட்டியது. டில்லி சூறையாடப்பட்டது. கல்வியைத் தாங்கிப் பிடித்த பெரிய குடும்பங்கள் சிதறின. இந்தப் பக்கத்தில் தானா பவன், ஷாம்லி பகுதிகளிலும் சண்டை நடந்தது. பிற்பாடு தேவ்பந்தைத் தொடங்கிய உலமாக்கள் அந்தச் சண்டையில் எந்த அளவுக்கு இறங்கினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. அவர்களுடைய ஆன்மிக குருவான ஹாஜி இம்தாதுல்லாஹ் மக்காவுக்குப் போய்விட்டார் என்பது மட்டும் நிச்சயம். கடைசிவரை திரும்பவில்லை.

சுருங்கச் சொன்னால், பழைய புரவலர்கள் போய்விட்டார்கள். புதிய அரசாங்கத்திடம் கேட்க மனம் இல்லை. இனி யார் பணம் தருவது?

தேவ்பந்தில் ஹாஜி முஹம்மது ஆபித் ஹுசைன் என்றொரு பெரியவர். தொழுகை, தவம் என்று சத்தா மசூதியில் இருந்தவர்; ஊரில் நல்ல மரியாதை. அவர் ஒருநாள் காலை வெள்ளைக் கைக்குட்டையைப் பையாக மடித்து, அதில் தன் பணம் மூன்று ரூபாயைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார் என்று தேவ்பந்தின் வரலாற்றில் சொல்கிறார்கள். வீடு வீடாகப் போனார். ஒருவர் ஆறு ரூபாய், இன்னொருவர் பன்னிரண்டு ரூபாய் என்று சேர்ந்து, சாயங்காலத்துக்குள் முந்நூறு ரூபாய் ஆகிவிட்டதாம். 1866 மே மாதக் கடைசியில் அதே மசூதி முற்றத்து மாதுளை மரத்தடியில் பாடம் தொடங்கியது. ஆசிரியர் பெயர் முல்லா மஹ்மூத். முதல் மாணவன் பெயரும் மஹ்மூத்! அந்தப் பையன்தான் பிற்காலத்தில் 'ஷைகுல் ஹிந்த்' என்று நாடறிந்த மஹ்மூத் ஹசன். அவருக்குப் பிறகு வருகிறேன்.

கைக்குட்டை ஏந்தியவர் ஆபித் ஹுசைன் என்றால், கொள்கை வகுத்தவர் முஹம்மது காசிம் நானோத்தவி. அப்போது முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தார். பிழைப்பு என்ன தெரியுமா? அச்சகத்தில் பிழை திருத்துவது. முதலில் டில்லியில், பிறகு மீரட்டில். மதரஸாவுக்கு ஓடி ஓடி உழைத்த மனிதர் அதிலிருந்து சம்பளம் என்று எதுவும் வாங்கவில்லை. மதரஸாவின் மைக்கூட்டிலிருந்து சொந்தக் கடிதம் ஒன்று எழுதினால்கூட அதற்குரிய காசை உண்டியலில் போட்டுவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (எங்கள் கிளையில் தணிக்கைக்கு வருபவர்கள் கவுன்டரில் பேனாவைக் கயிற்றில் கட்டியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கயிறு ஏன் என்று நமக்குத்தானே தெரியும்.)

அவர் எழுதி வைத்தது எட்டு விதிகள். 'உசூலே ஹஷ்த்கானா' என்று உருதுவில் சொல்கிறார்கள். எட்டையும் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. மாணவர்களுக்குச் சாப்பாடு தொடர்ந்து கிடைக்க வழி பாருங்கள், எடுத்த பாடத்தை முடியுங்கள் என்பவையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். என்னை உட்கார வைத்தவை ஆறாவது, ஏழாவது, எட்டாவது விதிகளும் நடுவில் வரும் மூன்றாவதும்.

ஆறாவதின் சாரம் இது. நிலையான வருமானம் இல்லாத வரையில், இறைவன் மீது நம்பிக்கை வைத்து இந்த மதரஸா நடந்துகொண்டிருக்கும். ஜாகீர் நிலமோ, தொழிற்சாலையோ, வியாபாரமோ, வாக்குத் தவறாத ஒரு பணக்காரரின் உறுதியோ கிடைத்துவிட்டால், இறைவனை நோக்கித் திருப்பும் பயமும் எதிர்பார்ப்பும் கையை விட்டுப் போய்விடும். மறைவான உதவி நிற்கும். வேலை செய்பவர்களுக்குள் சண்டை வரும். ஏழாவது, அரசாங்கமும் செல்வந்தர்களும் இதில் பங்கெடுப்பது தீங்கு. எட்டாவது, பேர் வாங்க நினைக்காதவர்கள் கொடுக்கும் சிறு தொகையில்தான் பரக்கத் அதிகம்.

இதை வெறும் பக்தி என்று தள்ள முடியவில்லை. ஐந்து பெரிய டெபாசிட்தாரர்களை நம்பி நடக்கும் கிளையையும், ஐயாயிரம் சிறு சேமிப்புக் கணக்குகளை வைத்து நடக்கும் கிளையையும் பார்த்தவன் நான். முதல் வகையில் பெரிய புள்ளி ஒருவர் முகம் சுளித்தால் மேனேஜருக்கு அன்று தூக்கம் போச்சு. நவாபுகள் போனபோது அவர்களோடு சேர்ந்து பள்ளிகளும் போனதை நானோத்தவி கண்ணால் கண்டவர். ஆயிரம் பேர் ஆளுக்கு நாலணா கொடுத்தால் அந்த ஆயிரம் பேரையும் ஒரே நாளில் யாரும் அழிக்க முடியாது. அவர் அதை இறைநம்பிக்கையின் பாஷையில் சொன்னார். இந்த வியாபாரக் கணக்கும் அவர் மனதில் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் வேண்டாம் என்றவர்கள், அரசாங்கத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்கொடை தந்த முன்னோடிகளில் ஜுல்ஃபிகார் அலி, ஃபஜ்லுர் ரஹ்மான் இருவரும் ஆங்கில அரசின் பள்ளி ஆய்வாளர் வேலை பார்த்தவர்கள். முதல் தலைமை ஆசிரியர் முஹம்மது யாகூப் நானோத்தவியும் அதே இலாகாவிலிருந்து வந்தவர்தான். அதனால் வகுப்பு, பாட அட்டவணை, வருகைப் பதிவு, எழுத்துத் தேர்வு, பரிசளிப்பு, அச்சடித்த ஆண்டறிக்கை எல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டன. அமெரிக்க வரலாற்றாசிரியர் பார்பரா மெட்காஃப் 1982-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உள்ளடக்கம் பழையது, நிர்வாகம் புதியது. ரயிலும் தபாலும் கைகொடுத்தன. 1880-ல் தபால் ஆபீஸ்கள் மணியார்டர் வேலையை எடுத்துக்கொண்டதும், எங்கோ ஒரு கிராமத்தில் இருப்பவர்கூட இரண்டு ரூபாய் அனுப்ப வழி பிறந்தது.

அந்த ஆண்டறிக்கைக்கு 'ரூதாத்' என்று பெயர். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் பதிவாகும். பணம் மட்டுமா? தானியம், துணி, புத்தகம் என்று பொருளாக வந்ததும் பதிவாகும். பழைய அறிக்கைகளில் இந்துப் பெயர்களும் இருக்கின்றன. ஆரம்பத்தில் சமையற்கூடம் கிடையாது; ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு மாணவன், இரண்டு மாணவன் என்று சாப்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் பிடி அரிசி எடுத்து வைப்பார்களே, ஏறக்குறைய அந்த மனசு. இந்தியா முழுக்க மதரஸாக்களுக்கு பக்ரீத் குர்பானித் தோலும் ஒரு வருமானம். சமீப வருடங்களில் தோல் விலை படுத்துவிட்டதால் அது கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்த ரூதாத்தை வைத்து ஒரு சம்பவம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன்.

1890-களின் நடுவில் கொஞ்ச காலம் முஹ்தமிமாக, அதாவது நிர்வாகியாக, மவுலானா முஹம்மது முனீர் நானோத்தவி இருந்தார். ஆண்டறிக்கை அச்சடிக்க டில்லிக்கு 250 ரூபாய் எடுத்துக்கொண்டு போனார். வழியில் பணம் திருடு போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நேரே சொந்த ஊருக்குப் போனார், நிலத்தில் ஒரு பகுதியை விற்றார், அந்தப் பணத்தில் அறிக்கையை அச்சடித்துக்கொண்டு தேவ்பந்த் திரும்பினார். கொஞ்ச நாள் கழித்து விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆலோசனைக் குழுவினருக்குச் சங்கடம். கங்கோஹ் ஊரில் இருந்த மவுலானா ரஷீத் அஹ்மதுக்கு எழுதிக் கேட்டார்கள். அவர் நானோத்தவியின் உற்ற தோழர், பெரிய சட்ட அறிஞர். அவர் தீர்ப்பு எழுதினார்: முனீர் அமானிதம் வைத்திருந்தவர், அவருடைய கவனக்குறைவால் பணம் போகவில்லை, எனவே அவர் ஈடுகட்ட வேண்டிய கடமை இல்லை.

பி.காம். படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட மாதிரி இருக்குமே! 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 151, 152-ஆம் பிரிவுகள். பிறர் பொருளை வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காத்திருந்தால், அது தொலைந்ததற்கு அவர் பொறுப்பில்லை. வணிகச் சட்டம் தாளில் பத்து மார்க் கேள்வி. இஸ்லாமியச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் வெவ்வேறு வழியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன.

தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டி, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முனீருக்குக் கோபம் வந்துவிட்டது. ரஷீத் அஹ்மது சட்டமெல்லாம் எனக்காகத்தான் படித்தாரா, அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும், இதே அவருக்கு நடந்திருந்தால் இந்தப் பணத்தை வாங்கியிருப்பாரா என்று கேட்டாராம். கடைசிவரை வாங்கவில்லை.

சட்டம் உன்னை விடுவித்துவிட்டது என்று சொன்ன பிறகும் நிலத்தை விற்ற காசைத் திரும்ப வாங்காத மனுஷரை, இருபது வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை. தள்ளுபடி எப்போது என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த ரகம்தான். :-)

இனி அந்த முதல் மாணவர். மஹ்மூத் ஹசன் 1890-ல் தலைமை ஆசிரியர் ஆனார். அந்தப் பதவிக்குச் சம்பளம் 75 ரூபாய். அவர் 50 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொள்ளவில்லை; மீதி 25-ஐ மதரஸா நிதியிலேயே சேர்த்துவிட்டார். முதல் உலகப் போர் சமயத்தில் ஆங்கிலேயருக்கு எதிரான 'பட்டுக் கடித' முயற்சியில் ஈடுபட்டு, ஹிஜாஸில் பிடிபட்டு, மால்டா தீவில் சிறை வைக்கப்பட்டார். 1920-ல் விடுதலையாகி வந்தபோது உடம்பு தேய்ந்து போயிருந்தது. அந்த நிலையிலும் அக்டோபரில் அலிகர் போய் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கி வைத்தார். அதற்கு மறுமாதம் காலமானார்.

பணம் கொடுத்தவர்களில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்துக் கைரானா ஊரைச் சேர்ந்த மவுலானா ரஹ்மத்துல்லாஹ், 1857-க்குப் பிறகு மக்காவுக்குத் தப்பிப் போனவர். 1870-களில் அங்கே அவர் தொடங்கிய மதரஸாவுக்கு 'சவ்லத்திய்யா' என்று பெயர். ஹஜ்ஜுக்கு வந்த கல்கத்தாச் சீமாட்டி சவ்லத்துன்னிஸா பேகம் கொடுத்த பணத்தில் எழுந்ததால் அந்தப் பெயர். ஆனால் அவர் பணத்தில் எழுந்த பள்ளியிலும் சரி, தேவ்பந்திலும் சரி, படித்தது ஆண்பிள்ளைகள்தான். அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் சின்ன மதரஸா ஒன்று உண்டு. அதன் பொருளாளர் தாடி நரைத்த மனிதர். ரமலான் முடிந்ததும் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாகக் கட்டிக்கொண்டு வருவார். மார்ச் மாத டார்கெட் நெருக்கடியில் ஒருமுறை அவரிடம், "ஹாஜி சாப், இதில் கொஞ்சத்தை ஒரு வருட டெபாசிட்டில் போடலாமே" என்று கேட்டேன். வட்டி கூடாது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "மேனேஜர் சாப், ஒரு வருடத்துக்குத் தேவைப்படாத பணம் எங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த ரமலானில் யார் கொடுப்பார்கள்?" ஆறாவது விதியை அவர் படித்தாரோ இல்லையோ, கையில் பழகியிருக்கிறது.

அதே மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இளைஞர்களின் சம்பளக் கணக்குகளும் என் கண்ணில் படுகின்றன. கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார் இதைவிட அதிகம் வாங்குவார். மஹ்மூத் ஹசன் 75-ல் 50 போதும் என்றது அவராக எடுத்த முடிவு. இந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. முன்னோர் தியாகத்தைக் காட்டிப் பின்னோர் சம்பளத்தைக் குறைப்பது எந்த மதத்து நிறுவனத்திலும் நடக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

மூன்றாவது விதியைச் சொல்கிறேன் என்றேன். அது ஆலோசனை பற்றியது. நிர்வாகி தன்னிஷ்டப்படி நடக்காமல் கலந்து பேச வேண்டும். கருத்துச் சொல்பவர்கள் தன் கருத்துதான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடித்தால் அஸ்திவாரம் ஆட்டம் காணும். எப்போதாவது ஒருவரைக் கேட்காமல் விட்டுவிட்டால், என்னைக் கேட்கவில்லையே என்று அவர் முறுக்கிக்கொள்ளக் கூடாது. யாரையுமே கேட்காவிட்டால்தான் ஆட்சேபிக்கலாம். எங்கள் வட்டார அலுவலகக் கூட்டங்களில் இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

கடைசியில் உடைந்தது இந்த இடத்தில்தான். நானோத்தவியின் பேரன் காரி முஹம்மது தய்யிப் அரை நூற்றாண்டுக்கு மேல் முஹ்தமிமாக இருந்தவர். 1980 மார்ச்சில் நடந்த நூற்றாண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். லட்சக்கணக்கில் கூட்டம். அதற்குப் பிறகு, இறுதி அதிகாரம் ஆலோசனைக் குழுவுக்கா முஹ்தமிமுக்கா என்ற சண்டை முற்றியது. எதிர்த் தரப்பில் மவுலானா அஸ்அத் மதனி. மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், போலீஸ் வந்தது. 1982-ல் வளாகம் மதனி தரப்பிடம் போயிற்று. வயதான காரி தய்யிப் தாத்தா வளர்த்த மதரஸாவை விட்டு வெளியேறினார். அடுத்த வருடம் இறந்துபோனார். இரண்டு தரப்பிலும் பேசிப் பார்த்தேன். இத்தனை வருடம் ஆகியும் ஆளுக்கொரு கதைதான் சொல்கிறார்கள். பெரிய பேரும் பெரிய பணமும் வந்தால் உள்ளே சண்டை வரும் என்று ஸ்தாபகர் எழுதியதை மட்டும் இரு தரப்பும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

வெளியே வந்தவர்கள் அதே ஊர் ஜாமியா மசூதியில் பாடத்தைத் தொடர்ந்தார்கள். அது 'தாருல் உலூம் வக்ஃப்' ஆயிற்று. 2022-ல் உ.பி. அரசு அங்கீகாரம் பெறாத மதரஸாக்களைக் கணக்கெடுத்தபோது கேட்ட கேள்விகளில், வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒன்று. பெரும்பாலானவர்கள் எழுதிய பதில் நன்கொடை, ஜகாத். தேவ்பந்தில் இப்போது இரண்டு தாருல் உலூம்கள். நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ரசீதுப் புத்தகம் மட்டும் தனித்தனி.